குளிர்காலத்தில் ஆலய ஊழியம்: நாவூ போய்வந்த எங்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நானும் என் வீட்டுக்காரரும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், முப்பது வருடத்துக்கு மேல் அமெரிக்காவில் டெக்சஸ் வாசம். பணி ஓய்வு பெற்ற பிறகு இல்லினாய் மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நாவூ என்ற சின்ன ஊருக்குப் போய், அங்குள்ள ஆலயத்தில் ஒரு வருடம் முழுநேர மூத்த ஊழியர்களாக இருந்தோம். அக்டோபர் கடைசியில் போய் இறங்கியதால் முதல் ஐந்தாறு மாதமும் குளிர்தான். திரும்பி வந்ததிலிருந்து சொந்தக்காரர்களும் சபையில் இருக்கும் தமிழ், தெலுங்கு குடும்பங்களும் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி, கடைசியில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஆலய ஊழியம்னா என்ன அக்கா? சர்ச்சில் வேலை செய்றதா?

இரண்டும் வேறு. ஞாயிறு ஆராதனை நடக்கும் சபைக் கட்டடத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். ஆலயம் என்பது தனி. ஞாயிற்றுக்கிழமை அது மூடியிருக்கும். ஞானஸ்நானம், போதனை பெற்றுக் கடவுளோடு உடன்படிக்கை செய்யும் தரிப்பித்தல், கணவன் மனைவியையும் பிள்ளைகளையும் நித்தியத்துக்கும் இணைக்கும் முத்திரித்தல் என்று சில நியமங்கள், அதாவது புனிதச் சடங்குகள், அங்கே நடக்கும். உயிரோடு இருப்பவர்கள் தங்களுக்காக இவற்றைப் பெறுவார்கள். அப்புறம், இந்த வாய்ப்பே கிடைக்காமல் இறந்துபோன முன்னோர்களுக்காக அவர்கள் சார்பில் இன்னொருவர் நின்று பெறுவார். ஆலயத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது வேலைக்காகத்தான் வருகிறார்கள்.

இதையெல்லாம் நடத்த ஆட்கள் வேண்டுமே. சுற்றுவட்டாரத்து அங்கத்தினர்கள் வாரத்தில் ஒன்றிரண்டு வேளை வந்து உதவுவார்கள். எங்களைப் போன்ற மூத்த ஊழியர்கள் வேறு ஊரிலிருந்து வந்து தங்கி, ஆலயம் திறந்திருக்கும் நாளெல்லாம் முழுநேரமாகச் செய்கிறோம். சம்பளம் கிடையாது.

வீடு வீடாகப் போய் கதவைத் தட்டணுமா? இந்த வயசில் என்னால் முடியாதே.

வேண்டாம். அது பெரும்பாலும் இளம் ஊழியக்காரர்களின் வேலை. ஆலயத்துக்கு அழைக்கப்பட்டவர்களுக்கு வேலை ஆலயத்துக்குள்தான். வாசல் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களை உள்ளே விட அனுமதிக்கும் ஆலயப் பரிந்துரைச் சீட்டைச் சரிபார்ப்பது, முதல் தடவை வரும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போவது, ஞானஸ்நானத் தொட்டி அருகில் துண்டு எடுத்துக் கொடுப்பது, நியமங்களின் வார்த்தைகளை மனப்பாடமாகச் சொல்லி நடத்துவது, துவைத்த வெள்ளை உடைகளை அளவுவாரியாக மடித்து அடுக்குவது. எதுவும் சின்ன வேலை இல்லை. துணி மடிக்கும் அறையில் நான் செய்த ஜெபம் மாதிரி வேறெங்கும் செய்ததில்லை.

உள்ளே என்ன நடக்குதுன்னு சொல்லவே மாட்டேங்கிறீங்களே, ஏன்?

முதல் கேள்வியில் சொன்ன அளவு எல்லோருக்கும் சொல்லக்கூடியதுதான், சபையே வெளிப்படையாகச் சொல்கிறது. தரிப்பித்தலில் வாழ்க்கையின் நோக்கம் பற்றிய போதனை உண்டு, கடவுளோடு உடன்படிக்கைகள் செய்கிறோம். அதற்கு மேல் சடங்கின் வார்த்தைகளை வெளியில் பேசுவதில்லை என்று நாங்களே உள்ளே ஒப்புக்கொண்டு வருகிறோம். புனிதமானது என்பதால் அந்தக் கட்டுப்பாடு. நம் ஊரில் குருவிடம் உபதேசம் வாங்கிய மந்திரத்தைத் தெருவில் சொல்வதில்லை அல்லவா, அந்தப் பழக்கம் தெரிந்த நம்மவர்களுக்கு இது சட்டென்று புரிகிறது.

கட்டடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு ஆலயமும் பிரதிஷ்டைக்கு முன் சில வாரம் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். நாவூ ஆலயத்தை 2002 மே, ஜூன் மாதங்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் பார்த்தார்கள். ஊரின் மக்கள்தொகையே ஆயிரம் சொச்சம்தான்.

எத்தனையோ ஊர் இருக்க, அந்தக் குளிருக்கு ஏன் போனீங்க?

ஊரை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. விண்ணப்பத்தில் விருப்பத்தைச் சொல்லலாம், ஆனால் அழைப்புக் கடிதத்தில் வருவதுதான் ஊர். ‘நாவூ’ என்று வாசித்ததும் என் வீட்டுக்காரர் அழுதுவிட்டார், ஏனென்றால் எங்கள் சபையின் வரலாற்றில் அந்த ஊருக்கு இருக்கும் இடம் அப்படி.

1839-இல் மிசூரியிலிருந்து துரத்தப்பட்டவர்கள் சதுப்பு நிலத்தை வடித்துக் கட்டிய ஊர் அது. 1841 ஏப்ரலில் ஆலயத்துக்கு மூலைக்கல் வைத்தார்கள். 1844 ஜூன் 27-இல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தும் அவர் அண்ணன் ஹைரமும் பக்கத்து கார்த்தேஜ் சிறையில் கொல்லப்பட்டார்கள். எதிரிகள் ஊரைக் காலிசெய்யச் சொல்லி நெருக்கினார்கள். விட்டுவிட்டுப் போகப்போகிறோம் என்று தெரிந்தே ஆலயத்தைக் கட்டி முடித்தார்கள். 1845 டிசம்பர் 10 முதல் 1846 பிப்ரவரி முதல் வாரம் வரை, சரியான குளிரில், இரவும் பகலுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே தரிப்பித்தலைப் பெற்றார்கள். பிப்ரவரி 3 அன்று, ஜோசப் ஸ்மித்துக்குப் பின் சபையை வழிநடத்திய பிரிகாம் யங் ‘போதும், கிளம்பலாம், வேறு ஆலயம் கட்டிக்கொள்ளலாம்’ என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார், திரும்பிப் பார்த்தால் கூட்டம் கலையவே இல்லை, இவரும் உள்ளே திரும்பிவிட்டார். அன்று மட்டும் 295 பேர். மறுநாளிலிருந்து படகில் ஆற்றைக் கடந்து மேற்கே போகத் தொடங்கினார்கள், அந்த மாதக் கடைசியில் ஆறே உறைந்து, சிலர் பனிக்கட்டி மேல் நடந்து போனார்கள்.

அந்தப் பழைய ஆலயம் 1848-இல் தீவைப்பில் எரிந்தது, 1850-இல் சூறாவளி சுவர்களைச் சாய்த்தது. இப்போது இருப்பது அதே இடத்தில், அதே வெளித்தோற்றத்தில் மறுபடி கட்டி 2002 ஜூன் 27 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஆக, நாவூ ஆலயத்தின் முதல் ஊழியர்களே குளிர்கால ஊழியர்கள்தான். இது தெரிந்த பிறகு குளிரைப் பற்றி நான் புலம்பவில்லை.

அப்படி என்ன குளிர்? ஊட்டி மாதிரியா?

ஊட்டியில் உறைபனி விழுந்தாலே நமக்குச் செய்தி. நாவூவில் ஜனவரி மாதம் பகலில் பூஜ்யம் டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் சாதாரணமாக மைனஸ் 9 அல்லது 10 போகும். வடக்கிலிருந்து துருவக் காற்று இறங்கிவிட்டால் மைனஸ் 20, அதற்குக் கீழேயும் போகும். 2019 ஜனவரி 31 அன்று இதே மாநிலத்தின் வடமேற்கில் மவுன்ட் கேரல் என்ற ஊரில் மைனஸ் 39 பதிவானது, அதுதான் இல்லினாயின் சாதனைக் குளிர்.

வெப்பமானியை மட்டும் பார்க்காதீர்கள், காற்றையும் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 28 மாதிரி. மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைந்து புண்ணாகலாம். ஆலயம் மேட்டின் உச்சியில் ஆற்றைப் பார்த்து நிற்கிறது, அக்கரையில் இருக்கும் ஐயோவா மாநிலப் பக்கத்திலிருந்து வரும் காற்று எதிலும் தடுக்காமல் நேரே வந்து முகத்தில் அறையும். இன்னொன்று, இருட்டு. டிசம்பர் நடுவில் காலை ஏழு இருபதுக்கு மேல்தான் சூரியன், மாலை நாலே முக்காலுக்குள் அஸ்தமனம். காலை வேளைக்குப் போனாலும் மாலை வேளைக்குப் போனாலும் ஒரு பயணம் இருட்டில்தான்.

என்ன துணி எடுத்துட்டுப் போகணும்? ஸ்வெட்டர் நாலு போதுமா?

நாலு ஸ்வெட்டரைவிட மூன்று அடுக்கு முக்கியம். உடம்பை ஒட்டி கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, நடுவில் கம்பளியோ ஃப்ளீஸோ, மேலே காற்றும் ஈரமும் புகாத முழங்கால்வரை கோட்டு. பருத்தி வேண்டாம். வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், அந்த ஈரம்தான் குளிரை உள்ளே இழுக்கும். விரல்விரலாகப் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் சேர்ந்திருக்கும் கையுறை சூடு. காதை மூடும் குல்லாவுக்கு நம் மங்கி குல்லாவே போதும், வெட்கப்பட வேண்டாம்.

காலணிக்குக் காசு பார்க்காதீர்கள். உள்ளே ஆலயத்துக்கான வெள்ளைச் செருப்பு தனியாகப் பையில் இருக்கும், வெளியே போட தடித்த அடிப்பாகமுள்ள பூட்ஸ். பூட்ஸின் மேல் ரப்பர் மாதிரி மாட்டும் இரும்பு முள் பட்டை கிடைக்கும். அதைக் கட்டாயம் வாங்குங்கள், வீட்டுக்குள்ளோ ஆலயத்துக்குள்ளோ நுழையும்போது கழற்றிவிடுங்கள், வழவழ தரையில் அதுவே வழுக்கும்.

சுமங்கலி வெள்ளை உடுத்தலாமா? உங்க அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?

இதைக் கேட்டவர் என் சித்தி. ஆலயத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் உடை மாற்றிக்கொள்வோம், ஆண்களுக்கு வெள்ளைச் சட்டை, கால்சட்டை, டை, பெண்களுக்கு நீளமான வெள்ளை உடை. வெள்ளை என்றால் நம் ஊரில் பெண்களுக்கு இழப்பின் நிறம். முதல் நாள் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கும் மனசு ஒரு கணம் திக்கென்றது, அதை மறைக்கவில்லை.

அப்புறம் சுற்றிப் பார்த்தேன். பெரிய பண்ணைக்காரரின் மனைவியும் பள்ளிக்கூட உணவகத்தில் வேலை பார்க்கும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், யார் எவர் என்று தெரியவில்லை. புருஷன் இருப்பவள், இழந்தவள் என்ற பிரிவே அங்கே இல்லை. சிறு வயதில் விதவையான என் பெரியத்தை நினைவுக்கு வந்தார். அவரைத் தனியாகப் பிரித்துக் காட்டிய அதே நிறத்தில் இங்கே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். சித்திக்கு இதைத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை, ‘சரிடி’ என்றார்.

குளிர்ல ஒரு காபி, டீ கூட இல்லாம எப்படி இருந்தீங்க?

1833-இல் வந்த ‘ஞான வார்த்தை’ என்ற போதனைப்படி காபி, தேயிலை, மது, புகையிலை எதையும் நாங்கள் தொடுவதில்லை. ஊழியத்துக்காகப் புதிதாக விட்டதில்லை, பல வருடப் பழக்கம். ஆனால் சுக்கு மல்லிக் காபிக்குத் தடையில்லை, அதன் பேரில்தான் காபி. சுக்கு, மல்லி, மிளகு, கொஞ்சம் ஏலக்காய், கருப்பட்டி. காபித்தூள் கலந்து விற்பதும் உண்டு, பொட்டலத்தைப் படித்து வாங்குங்கள். பனி விழும் ராத்திரியில் பக்கத்து வீட்டு ஐடஹோ தம்பதிக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன், மறுநாள் செய்முறை கேட்டு வந்தார்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செஞ்சீங்க? மாவு புளிக்குமா?

ஊரில் இந்திய மளிகைக் கடை கிடையாது. அரிசி, பருப்பு, புளி, பொடி வகைகளை மூன்று மாதத்துக்கு ஆகிற மாதிரி காரிலேயே கொண்டுபோனோம், பிறகு மகள் பார்சலில் அனுப்பினாள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், ஆகவே வீட்டுக்குள்ளேயே கல்லாகத்தான் இருக்கும். வாயகன்ற பாட்டிலில் வையுங்கள், கரண்டியால் எடுக்கலாம். மாவுக்கு வழி: ஓவனைச் சூடாக்காமல் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் பன்னிரண்டு, பதினைந்து மணி நேரத்தில் பொங்கிவிடும். உள்ளே மாவு இருக்கிறது என்று கதவில் சீட்டு ஒட்டுங்கள், தெரியாமல் யாராவது ஓவனைப் பற்றவைத்துவிடுவார்கள்.

பொங்கலன்று வெளியே மைனஸ் 17. அடுப்பில் வெண்கலப் பானையில் பால் பொங்கியபோது பக்கத்து ஊழியத் தம்பதிகள் ஆறு பேர் சமையலறையில் நெருக்கி நின்றார்கள். அன்று நான் ஊரை நினைத்து அழாததற்கு அவர்கள்தான் காரணம்.

பனியில் விழுந்துட்டா? எனக்கு ஏற்கனவே முழங்கால் சரியில்லை.

இதைத்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மெத்தென்று கிடக்கும் வெள்ளைப் பனி ஆபத்தில்லை. பகலில் உருகி ராத்திரி மறுபடி உறைந்து, கண்ணாடி மாதிரி தார் மேல் படிந்து, ஈரச் சாலை போலவே தெரியுமே, அதுதான் ஆபத்து. என் வீட்டுக்காரர் டிசம்பரில் எங்கள் வாடகை வீட்டுப் படியிலேயே விழுந்து மணிக்கட்டில் விரிசல். ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரமும் வாசல் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தார், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் அவர் பயம், யாரும் அனுப்பவில்லை.

சின்ன அடி வைத்து, பாதத்தை முழுதாக ஊன்றி, வாத்து மாதிரி நடக்க வேண்டும். கையைக் கோட்டுப் பைக்குள் வைக்கக் கூடாது. பனி உருகப் படியில் போடும் சாதாரண உப்பு மைனஸ் 9-க்குக் கீழே சரியாக வேலை செய்யாது, அதற்குக் கால்சியம் குளோரைடு என்று கேட்டு வாங்குங்கள். முழங்கால் பிரச்சினையை விண்ணப்பத்தின் மருத்துவப் பகுதியில் மறைக்காமல் எழுதுங்கள். உட்கார்ந்து செய்யும் வேலைகள் நிறைய உண்டு.

பனியை நாமே அள்ளணுமா?

எங்கள் வீட்டு வாசலை நாங்கள்தான் பார்த்துக்கொண்டோம், ஆனால் இளைஞர்கள் வந்து செய்துவிட்டுப் போன நாட்கள் அதிகம். நான் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், இதில் மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். அறுபது தாண்டிய, இதய நோயோ ரத்த அழுத்தமோ இருக்கும் ஆண்கள் மண்வாரியைத் தொடாதீர்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அதே நேரம் பளு தூக்கினால் இதயத்துக்கு இரட்டைச் சுமை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் பனி அள்ளும்போது மாரடைப்பு வந்து ஆட்கள் இறக்கிறார்கள். யாராவது உதவுகிறேன் என்று வந்தால் கௌரவம் பார்க்காமல் சரி என்று சொல்லுங்கள்.

உடம்பு சரியில்லாமப் போனா டாக்டர், இன்சூரன்ஸ் எல்லாம்?

நாவூவில் பெரிய மருத்துவமனை இல்லை. கார்த்தேஜில் ஒன்று இருக்கிறது, சுமார் நாற்பது கிலோமீட்டர், பனி நாளில் அது ஒரு மணி நேரப் பயணம். மாத்திரை மூன்று மாதத்துக்குக் கையில் வையுங்கள். இன்சூரன்ஸ் உங்கள் சொந்தப் பொறுப்பு. அமெரிக்காவில் இருக்கிறவர்கள் கவனியுங்கள்: அரசின் நேரடி மெடிகேர் நாடு முழுவதும் செல்லும், ஆனால் தனியார் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் பல உங்கள் சொந்த மாவட்ட டாக்டர்களோடு நின்றுவிடும். கிளம்புவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நாங்கள் போன பிறகுதான் கேட்டோம், மணிக்கட்டு வைத்தியத்துக்குக் கைக்காசு கொஞ்சம் போனது.

வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று காய்ந்துவிடும், மூக்கில் ரத்தம் வரும், குதிகால் வெடிக்கும். படுக்கையறையில் காற்றை ஈரப்படுத்தும் கருவி ஒன்று வையுங்கள். வெயிலே இல்லாத மாதங்களில் நம் தோல் நிறத்துக்கு வைட்டமின் டி குறைவது சகஜம், டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவு யார் கொடுப்பாங்க? சபைதானே?

இல்லை. வாடகை, சாப்பாடு, பெட்ரோல், இன்சூரன்ஸ் எல்லாம் எங்கள் காசு. இரண்டு வருடம் திட்டமிட்டுச் சேர்த்தோம். டெக்சஸ் வீட்டை அந்த ஒரு வருடத்துக்கு வாடகைக்கு விட்டது பெரிய உதவி. குளிர்காலத்தில் வாடகையோடு சூடேற்றும் எரிவாயு செலவும் சேரும் என்பதைக் கணக்கில் எடுங்கள். பிள்ளைகள் உதவுவதாகச் சொன்னால் வாங்கிக்கொள்ளலாம், நம்மவர்கள்தான் தயங்குகிறோம்.

பேரப்பிள்ளைகளை ஒரு வருஷம் பார்க்காம எப்படி?

இளம் ஊழியக்காரர்களுக்கு இருக்கும் பல கட்டுப்பாடுகள் மூத்தவர்களுக்கு இல்லை. தினமும் வீடியோவில் பேசலாம், பிள்ளைகள் வந்து தங்கலாம், வீட்டில் மரணமோ பிரசவமோ என்றால் அனுமதி வாங்கிப் போய்வரலாம். கிறிஸ்துமஸுக்கு மகன் குடும்பம் வந்தது. பக்கத்தில் மிசிசிப்பியின் குறுக்கே இருக்கும் கீயோகக் அணைக்குக் கீழே உறையாத தண்ணீரில் மீன் பிடிக்க வெண்தலைக் கழுகுகள் கூட்டமாக வரும், பேரன் காரை விட்டு இறங்க மறுத்துவிட்டான், ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு முப்பத்தொன்று வரை எண்ணினான்.

இருபத்துநாலு மணி நேரமும் ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு சின்ன வீட்டில்... சண்டை வராதா?

வந்தது. நவம்பரில் அதிகம், ஜனவரியில் குறைந்தது. வேலைக்குப் போன காலத்தில் நாங்கள் ஒரு நாளில் நாலு மணி நேரம்கூடச் சேர்ந்து இருந்ததில்லை. ஆலயத்துக்குள் ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் வேறு வேறு இடங்களில் வேலை செய்வதால் அங்கே பிரச்சினை இல்லை. ஆலயம் மூடியிருக்கும் ஞாயிறு, திங்களில் பனிப்புயல் அடித்தால்தான் சிக்கல். யார் காரின் பனியைச் சுரண்டுவது, ஹீட்டரை எத்தனையில் வைப்பது, இவைதான் எங்கள் சண்டைகளின் காரணங்கள், கேட்டால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். நியமங்களின் வார்த்தைகளை ஒருவருக்கொருவர் ஒப்பிக்கத் தொடங்கியதிலிருந்து மாறியது. ஆலயத்துக்குள் தனி அறையில் உட்கார்ந்து அவர் சொல்ல நான் திருத்துவேன், நான் சொல்ல அவர் திருத்துவார். நாற்பத்தொரு வருடத்தில் அவர் என் தவறைத் திருத்தி நான் கோபப்படாதது அப்போதுதான்.

குளிர்ல யாரும் வரமாட்டாங்களே. ஆளில்லாத ஆலயத்தில் என்ன ஊழியம்? கோடையில் போயிருக்கலாமே.

கோடையில் நாவூ திருவிழா மாதிரி இருக்கும். இளைஞர் கூட்டம் பேருந்து பேருந்தாக வரும், ஜூலையில் ஊரில் பெரிய மேடை நாடகம். ஜனவரியில் தெருவே காலி. மாலை வேளையில் நாலே பேர் வந்த நாட்கள் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள், கோடையில் கை கொடுக்க நிறைய பேர் இருக்கிறார்கள். குளிரில் ஐயோவாவிலிருந்தும் மிசூரியிலிருந்தும் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வரும் சுற்றுவட்டார ஊழியர்கள், எழுபது எண்பது வயதுக்காரர்கள், புயல் அறிவிப்பு வந்தால் வரக் கூடாது, வரவும் முடியாது. அன்று ஆலயம் திறக்குமா என்பது, நடந்து வரும் தூரத்தில் எத்தனை ஊழியத் தம்பதிகள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பிப்ரவரியில் ஒரு நாள் எட்டே பேரை வைத்து ஒரு வேளை நடத்தினோம். செயின்ட் லூயிஸ் தாண்டி எங்கிருந்தோ, திருமணத்துக்கு முன் தன் தரிப்பித்தலைப் பெற ஒரு பெண் புயலுக்கு முந்தின நாளே வந்து தங்கியிருந்தாள். அவளுக்காகத் திறந்தோம்.

இந்தக் கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: முடிந்தால் குளிரைக் கேட்டே போங்கள். வசந்தம் வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

மேலே சொன்ன 1846-ஐப் பற்றி இன்னொன்று. பிப்ரவரி 9 அன்று ஆலயக் கூரையில் தீப்பிடித்தது. காரணம், துவைத்த துணியைக் காயவைக்க மாடியில் அடுப்பை அதிகமாக எரித்ததில் புகைக்குழாய் பழுக்கக் காய்ந்துவிட்டது. வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றி அணைத்தார்கள். துணி மடிக்கும் அறையில் சூடான வெள்ளைத் துணியை உலர்த்தியிலிருந்து எடுக்கும்போதெல்லாம், குளிரில் துணி காயவில்லையே என்று கவலைப்பட்ட யாரோ ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வேன்.

இறந்தவங்களை மதம் மாத்துறீங்களா? எங்க தாத்தா சாமி கும்பிட்டவர், அவரை விட்டுடுங்க.

இந்தக் கேள்வியில் இருக்கும் வலியை நான் மதிக்கிறேன். கேட்டவர் என் சொந்தத் தம்பி. எங்கள் நம்பிக்கைப்படி, இங்கே செய்யப்படும் நியமம் ஒரு வாய்ப்பு மட்டுமே. மறுமையில் இருக்கும் அந்த ஆத்துமா ஏற்கலாம், மறுக்கலாம், அது அவர் இஷ்டம். இறந்தவர் பெயர் சபை அங்கத்தினர் பட்டியலில் சேராது.

விதிகளும் உண்டு. சொந்த முன்னோரின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். கடந்த 110 வருடத்துக்குள் பிறந்தவர் என்றால் உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும். இந்த விதிகளை மீறி யூதப் படுகொலையில் இறந்தவர்களின் பெயர்களைச் சிலர் கொடுத்தது பெரிய வேதனையை உண்டாக்கியது, 1995-இல் யூத அமைப்புகளோடு சபை ஒப்பந்தம் செய்து அதை நிறுத்த ஒப்புக்கொண்டது. அந்த வேதனை நியாயமானது என்றே நினைக்கிறேன். தாத்தா பெயரைக் கொடுக்கத் தம்பி சம்மதிக்கவில்லை, நான் கொடுக்கவும் இல்லை. எனக்கும் உரிமை உண்டு என்று வாதாடியிருக்கலாம். தம்பி மனசை நோகடித்துச் செய்வது ஆலய வேலை ஆகாது.

நம்ம ஆட்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, தேதியும் தெரியாது. பெயர் எப்படிக் கொடுக்கிறது?

நிறைய தமிழ்க் குடும்பங்கள் இங்கேதான் நின்றுவிடுகின்றன. இனிஷியலை விரித்து எழுதுங்கள், அப்பா பெயர் அதில்தான் இருக்கிறது. சரியான தேதி இல்லாவிட்டால் தோராயமான வருடமும் ஊரும் போதும். பழைய பத்திரம், பட்டா, பள்ளி மாற்றுச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, பாத்திரத்தில் வெட்டிய பெயர் எல்லாமே ஆதாரம்தான். பெண்களின் பெயர்தான் முதலில் தொலையும். என் அப்பாவைப் பெற்ற ஆச்சியின் அம்மாவை எல்லோரும் ‘மேலவீட்டு ஆச்சி’ என்றே சொன்னார்கள், பெயர் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் சீதனமாக வந்த ஒரு பித்தளைக் குடத்தின் கழுத்தில் இருந்தது. அவர் பிறந்து 110 வருடம் எப்போதோ தாண்டிவிட்டது, தம்பியிடமும் கேட்டேன், அவருக்கு மட்டும் சரி என்றான்.

ஜனவரி கடைசியில், ஐந்தே பேர் வந்த ஒரு வியாழக்கிழமை மாலை, அவருக்காக நான் நின்றேன். நாஞ்சில் நாட்டை விட்டு ஒரு நாளும் வெளியே போகாத ஒருத்தியின் பெயரை ஐயோவா விவசாயி ஒருவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். முதல் தடவை தவறாகச் சொன்னார். நிறுத்தி, என்னைப் பார்த்து, எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். மறுபடி சரியாகச் சொன்னார்.